செம்பா, பித்தளையா, அலுமினியமா? முதல் தகடு வாங்கும் முன்

கையால் தோடு, காப்பு, டம்ளர் வைக்கும் தட்டு, நாப்கின் வளையம் செய்து பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் கிலோ விலையையும் பார்த்தே தகடு வாங்குகிறார்கள். ரம்பத்தால் அறுக்கும் வரைக்கும் எல்லாத் தகடும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். வளைக்கும்போதும் நெருப்பில் காட்டும்போதும்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும். அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது நிறமல்ல, இணைப்பு. முனைகளுக்கு நடுவே பொடி (உருகி ஒட்டும் உலோகக் கலவை) வைத்து நெருப்பை ஊதி ஒட்டப் போகிறீர்களா, ரிவிட் (இரு முனையும் தட்டிப் பரப்பும் கம்பித் துண்டு) அடிக்கப் போகிறீர்களா, இணைப்பே இல்லாமல் வளைத்து விடப் போகிறீர்களா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் உலோகம் பாதி முடிவாகிவிடும்.

எளிதில் கிடைக்கும் தகடுகளில் பழகத் தக்கவை செம்பு, பித்தளை, அலுமினியம் மூன்றுதான். எவர்சில்வர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அடிக்க அடிக்க மிக வேகமாக இறுகும், மெல்லிய ரம்பத்தின் பல்லையும் சீக்கிரம் மழுக்கும். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டைச் சூடாக்கினால் துத்தநாகப் புகை வரும் என்பதால் அதை நகை வேலைக்குக் கொண்டுவரவே வேண்டாம். ஜெர்மன் சில்வரில் பெயரில்தான் வெள்ளி. அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. நிக்கல் பலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும். மேசைப் பொருளுக்கு ஆகும், காதுக்கும் கைக்கும் வேண்டாம்.

கடையில் தடிமனைச் சொல்வதில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்க வகுப்புகளிலும் காணொளிகளிலும் 18 கேஜ் என்றால் 1.02 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் அதே 18 கேஜ் 1.22 மி.மீ. அமெரிக்க அளவில் 20 கேஜ் 0.81, பிரிட்டிஷ் அளவில் 0.91. அமெரிக்க 24 கேஜ் 0.51, பிரிட்டிஷ் 24 கேஜ் 0.56. இந்த வித்தியாசம் தோட்டில் பெரிதாகத் தெரியாது, காப்பில் நன்றாகத் தெரியும். கடையில் மில்லிமீட்டரிலேயே கேளுங்கள். ஒரு வெர்னியர் காலிப்பரைக் கொண்டுபோய் அங்கேயே அளந்து பாருங்கள். தடிமனோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். தகடு இளகியதா, அரை இறுக்கமா, முழு இறுக்கமா? விரல் அகலப் பட்டையைக் கையால் வளைத்தால் அப்படியே நிற்பது இளகிய தகடு. துள்ளித் திரும்புவது இறுகிய தகடு.

செம்பு

அடுப்பு, அதாவது சிறிய காஸ் டார்ச், கையில் இருக்கிறவர்களுக்கு முதல் தகடு செம்பாகத்தான் இருக்க வேண்டும். அது தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். தூய செம்பு உருகுவது 1085 டிகிரியில். பத்தர்கள் பொடி என்று சொல்லும் வெள்ளிப் பற்றாசில் எளிதாக ஓடும் வகை 700 டிகிரியை ஒட்டி ஓடிவிடும். இடையில் முந்நூறு டிகிரிக்கு மேல் இடைவெளி இருப்பதால், கை பழகாதவர் கொஞ்சம் அதிகமாகக் காய்ச்சினாலும் பொருள் உருகிப் போகாது.

அடித்து இறுகிய செம்பை மீண்டும் இளக வைப்பதும் எளிது. வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்துச் சூடாக்குங்கள். மங்கிய சிவப்பு தெரிந்ததும் நெருப்பை எடுத்துவிட்டு நேராகத் தண்ணீரில் போடலாம். வெயிலில் வேலை செய்தால் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியும் வரை காய்ச்சினால் உள்ளே உலோகத்தின் நுண்ணிய படிக மணிகள் பெருத்துவிடும். பிறகு வளைக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகும். அதை அரத்தால் தேய்த்தே எடுக்க வேண்டியிருக்கும்.

செம்பின் சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. அது வெப்பத்தை மிக வேகமாக இழுத்துப் பரப்பும். பித்தளையைவிட மூன்று மடங்குக்கும் மேல். தோடு, மோதிரம் போன்ற சிறிய பொருளில் இது தொந்தரவில்லை. 95 மி.மீ. டம்ளர் தட்டின் அடியில் கால்களைப் பொடி வைத்து ஒட்டும்போது, சமையலறை பியூட்டேன் டார்ச்சால் எவ்வளவு நேரம் காட்டினாலும் பொடி ஓடாது. தட்டு முழுவதும் கருத்து, பொடி ஓட உதவப் பூசும் வெங்காரம் காய்ந்து கண்ணாடியாகி, பொடி உருண்டையாகச் சுருண்டு நிற்கும். பலர் பொடி மோசம் என்று நினைத்து மேலும் பொடி வைப்பார்கள். குறை பொடியில் இல்லை, வெப்பம் போதவில்லை. அந்த அளவுக்கு எல்பிஜி டார்ச் வேண்டும். அடியில் வெப்பம் இழுக்காத செங்கல்லும் வேண்டும்; இரும்புப் பலகை மேல் வைத்து ஊதக் கூடாது. இணைப்பை மட்டும் காட்டாமல் பொருள் முழுவதையும் சூடாக்கி, கடைசியில்தான் நெருப்பை இணைப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

சூடாக்கிய செம்பில் கரிய படலம் படியும். எலுமிச்சை உப்பு 100 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, கை பொறுக்காத சூட்டில் வைத்து, பொருளை 15, 20 நிமிடம் ஊறப் போட்டால் படலம் கழன்றுவிடும். பழைய பட்டறைகளில் இதற்குப் படிக்காரம் கரைத்துக் கொதிக்க வைப்பார்கள், அதுவும் வேலை செய்யும். பாத்திரம் கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். குறடு மட்டும் இரும்பில் வேண்டாம். பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருக்கும். இரும்பு பட்டதும் அது உள்ளே கிடக்கும் பித்தளை, வெள்ளி மேல் சிவப்பாகப் படிந்துவிடும். மூங்கில் குச்சி போதும்.

காப்புக்குச் செம்பு கொஞ்சம் மென்மை. 150 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலத்தில் 0.9 மி.மீ. தகடு எடுத்தால் நாலைந்து தடவை மாட்டிக் கழற்றியதும் வாய் விரிந்துவிடும். 1.2 மி.மீ. எடுங்கள், ஏறக்குறைய 40 கிராம் வரும். வளைத்து முடித்த பிறகு இரும்புக் குழாய் மேல் மாட்டி, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) சுற்றிலும் தட்டி இறுக வையுங்கள். வடிவம் கொடுத்த பிறகு பொடி வைத்து ஊதினால் அந்த இறுக்கம் போய்விடும். ஆகவே ஊதும் வேலை எல்லாம் முதலில், இறுக்கும் வேலை கடைசியில்.

தோலில் பச்சை படிவது செம்பின் இயல்பு. வியர்வையோடு சேர்ந்து உண்டாகும் செம்பு உப்பு அது. சோப்புப் போட்டால் போகும். காதுக்குள் நுழையும் கம்பியை மட்டும் வெள்ளியில் வைத்துவிடுங்கள்.

பித்தளை

பித்தளை வாங்கும்போது எந்தப் பித்தளை என்று கேட்க வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது தகட்டு வேலைக்கு மிக நல்லது. குழியாகத் தட்டினாலும் கிழியாது. கடைசல் வேலைக்காகக் காரீயம் கலந்து விற்கும் பித்தளை அறுக்கவும் துளைக்கவும் அருமையாக இருக்கும், ஆனால் வளைத்தால் வெடிக்கும், சூட்டில் தட்டினால் நொறுங்கும். பழைய பாத்திரத்திலிருந்து தகடு வெட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். 10 மி.மீ. பட்டை ஒன்றை வெட்டி, காய்ச்சி ஆறவிட்டு, மடித்துத் தட்டையாக்கிப் பாருங்கள். மடிப்பின் வெளிப்புறம் வெடிக்காமல் நின்றால் அந்தத் தகடு ஆகும். பாத்திரத்தின் உள்ளே பூசிய வெள்ளீயப் பூச்சு ஒட்டியிருந்தால் சுரண்டி முழுவதும் எடுத்த பிறகே நெருப்பில் காட்டலாம். எடுக்காவிட்டால் சூட்டில் அது பித்தளைக்குள் இறங்கிக் குழி குழியாக அரித்துவிடும்.

பித்தளையின் பெரிய பலம் விறைப்பு. அரை இறுக்கத் தகடு 1 மி.மீ. இருந்தாலே காப்பு வாய் விரியாமல் நிற்கும். ரம்பத்தில் சுத்தமாக அறுபடும், அரத்தில் ஒட்டாது, மெருகு ஏறினால் மூன்றிலும் இதுதான் அழகு. வெப்பத்தைக் குறைவாகப் பரப்புவதால் சிறிய டார்ச்சுக்கும் கட்டுப்படும். அதாவது சின்ன டார்ச் மட்டும் வைத்திருப்பவருக்கு, தட்டி வடிவாக்கச் செம்பு எளிது, பொடி வைத்து ஊதப் பித்தளை எளிது.

ஆனால் பொடி ஓடும் சூட்டுக்கும் உலோகம் உருகும் சூட்டுக்கும் இங்கே இடைவெளி குறுகியது. 70–30 பித்தளை 915 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். மிஞ்சிக் காய்ச்சினால் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். ஜன்னல் திறந்த, காற்றோடும் இடத்தில்தான் பித்தளையைக் காய்ச்ச வேண்டும். காட்மியம் கலந்த பொடி எந்த உலோகத்துக்கும் வேண்டாம். நகைக்கடைகளில் கேடிஎம் என்று அடிபட்ட பெயர் இந்தக் காட்மியத்தைக் குறித்ததுதான். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். பொடி வாங்கும்போது காட்மியம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

செம்பைப்போலச் சிவக்கச் சிவக்கத் தண்ணீரில் போடும் பழக்கமும் இங்கே கூடாது. சில பித்தளைகள் அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். சிவப்பு மறைந்து கருத்த பிறகு போடுங்கள். புளிப்புக் கரைசலில் ஊறிய பித்தளை இளஞ்சிவப்பாக வெளியே வந்தால் பயப்பட வேண்டாம். மேலே மெல்லிய செம்புத் தோல் படிந்திருக்கிறது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் மஞ்சள் திரும்பிவிடும்.

பித்தளையில் துளையிடுவது தனி எச்சரிக்கை கேட்கும் வேலை. துரப்பண ஊசி மறுபக்கம் வெளிவரும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். கையால் பிடித்திருந்தால் விரலை அறுத்துவிடும். மரக்கட்டை மேல் வைத்து, கிளாம்பால் இறுக்கி, முதலில் ஆணியால் ஒரு புள்ளி குத்திவிட்டுத் துளையுங்கள்.

இன்னொரு குணம் மாதங்கள் கழித்துத்தான் தெரியும். தட்டி இறுக வைத்த பித்தளை அம்மோனியா பட்டால் தானாக விரிசல் விடும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் குப்பிகள் இப்படித்தான் வெடித்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று பின்னால் கண்டறிந்தார்கள். நகைக்கு நீலப்பச்சை நிறம் ஏற்ற அம்மோனியாப் புகையில் வைக்கும் முறை உண்டு. அதைச் செம்பில் செய்யுங்கள். பித்தளையில்தான் வேண்டும் என்றால் வடிவம் கொடுத்து முடித்ததும் 250, 300 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து உள்ளழுத்தத்தை நீக்கிவிட்டுச் செய்யுங்கள்.

அலுமினியம்

எடைதான் இதன் நியாயம். கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், செம்பு 8.96. 50 மி.மீ. வட்டத் தொங்கட்டானை 0.55 மி.மீ. செம்பில் வெட்டினால் ஒரு காதுக்கு ஏறக்குறைய 10 கிராம், பித்தளையில் 9. நாள் முழுக்க அதைத் தாங்கக் காது மடல் ஒப்பாது. அலுமினியத்தில் அந்தத் தடிமன் சுலபமாக வளைந்துவிடும் என்பதால் 0.8 மி.மீ. எடுத்தாலும் 4 கிராம்தான். பெரிய தோடு செய்ய விரும்புபவர் வேறு உலோகத்தை யோசிக்கவே வேண்டாம்.

மேசைக்கு வந்தால் அதே எடையின்மை குறையாகிறது. 95 மி.மீ. தட்டு 0.9 மி.மீ. தடிமனில் செம்பில் 57 கிராம், அலுமினியத்தில் 17 கிராம். குளிர்ந்த டம்ளரின் அடியில் நீர் கோர்த்தால் தட்டு டம்ளரோடு ஒட்டி மேலே வந்து, மேசை நடுவில் கழன்று விழும்.

அலுமினியத்தைப் பொடி வைத்து ஊத முடியாது. அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தை வெங்காரம் கரைக்காது. அதோடு உலோகமே 660 டிகிரியில் உருகிவிடும். பொடி ஓடுவதற்குள் பொருள் போய்விடும். சூட்டில் சிவப்பும் காட்டாது. சிவக்கட்டும் என்று காத்திருந்தால் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் நடுவில் ஓட்டை விழும். இளக வைக்க வேண்டுமென்றால் தகட்டின் மேல் உலர்ந்த சோப்பைக் கோடாகத் தேய்த்து, அடியிலிருந்து நெருப்பை ஓரிடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள். கோடு கரும்பழுப்பானதும் நிறுத்துங்கள். அது 350 டிகிரியை ஒட்டிய நிலை, போதும்.

அரத்தின் பல்லிடுக்கில் அலுமினியம் அப்பிக்கொள்ளும். முன்கூட்டியே சாக்பீஸ் தேய்த்துவிட்டால் குறையும். அந்த அரத்தை வேறு உலோகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். வெள்ளியிலோ செம்பிலோ ஒட்டிய அலுமினியத் துகள், நெருப்பில் காட்டும்போது அந்த இடத்தை அரித்துக் குழியாக்கிவிடும். அரம், உப்புத்தாள், பிரஷ் மூன்றையும் தனியாக வைப்பதே நல்லது.

ரிவிட் அடிப்பது

அடுப்பே வேண்டாம் என்பவர்களுக்கும் அலுமினியத்துக்கும் இதுதான் வழி. கம்பியின் தடிமனும் துளையின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், கம்பி இறுக்கமாக நுழைய வேண்டும். துளை பெரிதானால் கம்பி உள்ளே கோணி வளையும், தலை ஒரு பக்கமாகச் சாயும். கம்பியின் தடிமனில் பாதி அளவு இருபுறமும் வெளியே நீட்டி நிற்கட்டும். அதிகம் நீட்டினால் தலை பரவாமல் மடியும். இரண்டு ரிவிட் என்றால் இரண்டு துளையையும் முதலிலேயே போடாதீர்கள். ஒன்றைத் துளைத்து அடித்து முடித்த பிறகு, இரண்டு தகட்டையும் சேர்த்து இரண்டாவது துளையைப் போடுங்கள். முன்பே போட்டால் எத்தனை கவனமாக அளந்தாலும் அரை மி.மீ. விலகி நிற்கும்.

அலுமினியத்தில் செம்பு ரிவிட் பார்க்க அழகு. ஆனால் வியர்வையும் உப்புக்காற்றும் பட்டால் செம்பைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாக அரிக்கும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் அணியப்போகும் நகைக்கு அலுமினியக் கம்பியையே ரிவிட்டாக வையுங்கள்.

பொருளை வைத்து முடிவு செய்தால்

நாப்கின் வளையம் இணைப்பு முறையைப் பழக மிக நல்ல பொருள். உள்விட்டம் 40 மி.மீ., தகடு 0.9 மி.மீ. என்றால் பட்டையின் நீளம் 40.9 பெருக்கல் 3.14, அதாவது ஏறக்குறைய 128.5 மி.மீ. தடிமனைச் சேர்க்காமல் கணக்கிட்டால் வளையம் சிறுத்துவிடும். நான்கு வளையங்களையும் ஒரே அளவில் எதிர்பார்ப்பவருக்கு அது உறுத்தும். ஊதுவதாக இருந்தால் இரு முனையையும் அரத்தால் சரியாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடாக ஒளி தெரிந்தால் பொடி அங்கே நிற்காது. பொடி இடைவெளியை நிரப்பும் பொருள் அல்ல. ரிவிட் என்றால் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மேலடுக்குக்கு 10 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். வளையத்துக்குச் செம்பும் பித்தளையும் சமம்தான். ரிவிட் அடிப்பவருக்கு மட்டும் பித்தளை ஒரு படி மேல், ஏனென்றால் வளைவு அழுந்தாமல் நிற்கும்.

டம்ளர் தட்டில் சுத்தியல் குறிகள் வேண்டுமென்றால் செம்பு. 0.9 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். மெல்லிய தகட்டில் நடுவில் அடிக்கும்போது அந்த இடம் மட்டும் விரியும், ஓரம் விரியாது. தட்டு தொப்பியாக மேலெழும்பும். நடுவிலிருந்து வட்ட வட்டமாக ஓரம் வரை ஒரே பலத்தில் அடித்து, ஒருமுறை காய்ச்சி இளக்கி, மரப்பலகை மேல் கவிழ்த்துக் கொட்டாப்புளியால் தட்டையாக்குங்கள். அடியில் 2 மி.மீ. கார்க் ஒட்டினால் சூடான காபி டம்ளர் மேசையைச் சுடாது.

உணவு தொடும் கிண்ணம் என்றால் செம்பு, பித்தளை இரண்டும் வெறுமனே ஆகாது. எலுமிச்சை, மோர், ஊறுகாய், புளி எல்லாம் செம்பைக் கரைக்கும். உப்புக் கிண்ணமும் அப்படித்தான், ஈரம் கோர்த்த உப்பு மூன்று உலோகத்தையுமே அரிக்கும். உள்ளே காரீயம் கலக்காத வெள்ளீயம் பூசத் தெரிந்தவர் இருந்தால் கிண்ணம் செய்யுங்கள். இல்லையென்றால் தட்டு, வளையம், பூச்சாடி மூடி என்று உணவு படாத பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உலோகங்களைக் கலந்து செய்வதும் நல்ல வழி. தஞ்சாவூர் கலைத்தட்டில் அடித்தட்டு பித்தளையாகவும் புடைத்து நிற்கும் உருவங்கள் வெள்ளித் தகடாகவும் இருப்பதைப் பாருங்கள். தாங்க வேண்டிய இடத்தில் விறைப்பான உலோகம், உருவம் எடுக்க வேண்டிய இடத்தில் இளகிய உலோகம். பித்தளைக் காப்பின் மேல் செம்புப் பூவை ரிவிட் அடிப்பதும் இதே கணக்குதான்.

மெருகுக்குப் புளியும் சாம்பலும் இன்றும் போதும். பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் செம்பும் பித்தளையும் தட்டும் தட்டேரா கைவினைஞர்கள், அவர்களின் கலையை 2014-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, மணலும் புளிச்சாறும் வைத்தே தேய்க்கிறார்கள். கருமை ஏற்ற வேண்டுமென்றால் செம்பை மூடிய டப்பாவில் நசுக்கிய அவித்த முட்டையோடு சில மணி நேரம் வையுங்கள், கந்தகம் வேலை செய்யும். பித்தளை இதற்கு அவ்வளவாக மசியாது. பளபளப்பு நிற்க, பொருளை லேசாகச் சூடுபடுத்தித் தேன்மெழுகு தேய்த்துத் துணியால் துடையுங்கள்.

வெள்ளியை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அதே தடிமன் செம்பில், அதே பொடியில், ஒரு பொருளை இரண்டு தடவை பிசகாமல் செய்து முடித்த பிறகு அந்தப் பொருளை மட்டும் வெள்ளியில் செய்யுங்கள்.

ஆக, டார்ச் இருந்தால் 0.9 மி.மீ. இளகிய செம்பு. டார்ச் இல்லாமல் காப்பும் வளையமும் என்றால் 1 மி.மீ. அரை இறுக்கப் பித்தளை. பெரிய தோடு மட்டும்தான் என்றால் 0.8 மி.மீ. அலுமினியம். செம்பு வாங்குபவர் 30க்கு 30 செ.மீ. தகடு ஒன்று எடுத்தால் 725 கிராம் அளவில் வரும். ஒரு மூலையில் 95 மி.மீ. வட்டங்கள் நான்கைச் சதுரமாக அடுக்கிக் கோடு போடுங்கள். மீதமுள்ள நீளப் பக்கத்தில் 128.5க்கு 25 மி.மீ. பட்டைகள் எட்டு விழும், நான்கு வளையத்துக்கும் நான்கு சோதனைக்கும். ரம்பத்துக்கு 2/0 பிளேடு, பல் கைப்பிடியை நோக்கிக் கீழே பார்த்திருக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே அரை மி.மீ. விட்டு அறுங்கள், மிச்சத்தை அரம் எடுக்கும். மூலைத் துண்டுகளை எறியாமல் வைத்து, முதல் பொடியை அவற்றில் ஓட்டிப் பாருங்கள்.